குழாய்க்குள் நரிவால்

பதினேழாவது மீட்டரில் கேமரா நின்றுவிட்டது.
லூட்ஜ் நகரம், ஏப்ரல், காலை ஏழரை.
வேனுக்குள் என் திரையில்
செம்பழுப்பு நரிவால் ஒன்று
சாக்கடை நீரில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.
"விருந்தாளி" என்றான் வித்தோல்ட்,
வாயில் பாதி ரொட்டியோடு.

மேலே நடைபாதையில் இரண்டு வீட்டார்.
நான்கு நாளாய் அவர்கள் குளியல் தொட்டியில்
தெருவே கழுவிவிட்ட தண்ணீர்.
இடது வாசலில் வில்லோ: லுட்வீகாவுடையது.
வலது வாசலில் வால்நட்: க்சாவெரியுடையது.
"என் மரம் ஆணிவேர்க்காரன்,
நேரே கீழே போவான்,
பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கமாட்டான்" என்றார் அவர்.
பாடப்புத்தகமும் அப்படித்தான் சொல்லும்.
நான் பார்த்த கிழட்டு வால்நட்கள்
பக்கவாட்டிலும் கை நீட்டியவை.
சொல்லவில்லை.
எனக்குச் சம்பளம் பார்ப்பதற்கு.

வேர் தண்ணீரை மோப்பம் பிடிக்கும் என்கிறார்கள்.
இருட்டில் அது சும்மா வளர்கிறது.
ஈரம் பட்ட பக்கம் கிளைக்கிறது,
காய்ந்த பக்கத்தை விட்டுவிடுகிறது.
முனையில் ஒரு தொப்பி,
தொப்பிக்குள் மாவுமணிகள்;
அவை உருண்டு படியும் பக்கம் கீழே.
அதற்குத் தெரிந்த பூகோளம் அவ்வளவே.
மண் உரசித் தொப்பி தேயும்,
உள்ளிருந்து இன்னொன்று வரும்.
நீள்வதெல்லாம் முனையருகே சில மில்லிமீட்டர்.
பின்னால் இருப்பது
நடந்து முடிந்த பாதை,
பருக்கத்தான் முடியும்,
இடம் மாறாது.

போருக்கு முந்திய சுட்டமண் குழாய் இது.
இணைப்பில் அடைத்த சணல் எப்போதோ மக்கிவிட்டது.
குளிர்ந்த குழாயின் வெளிப்புறம் வியர்த்திருக்கும்.
அந்த வியர்வையில் தவழ்ந்து வந்த நூலிழைக்கு
ஒரு மயிரிழைக் கதவு.
நுழைந்தபின் ஒன்று ஆயிரமாகிவிட்டது.
பிடிக்க மண் இல்லை, துளைக்கக் கல் இல்லை,
வேரடி மண்ணே இல்லாத வேர்.
ஓடுகிற சோற்றில் தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு
படுத்துக் கிடக்கிறது.

சங்கிலிக் கத்தியை அனுப்பினோம்.
திரை கலங்கியது, தெளிந்தது.
ஒரு துண்டைத் தயிர் டப்பாவில் போட்டு
ஆய்வகத்துக்குக் கொடுத்தேன்.
முடிவு வர மூன்று வாரம்.

இரண்டாம் வாரம்
வில்லோவைச் சுற்றி யாரோ
மயில்துத்தம் கொட்டியிருந்தார்கள்.
புல்லுக்கிடையே நீலப் படிகங்கள்.
முதலில் கருகியது புல்தான்,
அதன் சல்லிவேர்கள் மேலாகவே கிடப்பதால்.
லுட்வீகா போலீஸைக் கூப்பிட்டாள்.
க்சாவெரி ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

மூன்றாம் வாரம் தாள் வந்தது:
வில்லோ அல்ல. வால்நட் அல்ல.
பாப்லர்.

நடந்து போய்ப் பார்த்தேன்.
டிராம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்
மூடிய நூற்பாலையின் முற்றத்தில் நின்றது,
இங்கிருந்து முப்பத்தெட்டு மீட்டர்.
நட்டவர் யாரும் இல்லை.
பஞ்சு பறந்த இடத்தில்
பஞ்சுபோல் பறந்து விழுந்த விதை.
ஆலைச் சுவரில் ஐவிக்கொடி
பற்றுவேர்களால் செங்கல்லைக் கவ்வியிருந்தது,
அதுவும் தன்னிஷ்டத்துக்கு.
முற்றம் நகராட்சிக்குச் சொந்தம்.
நகராட்சி மரம் நகராட்சிக் குழாயை அடைத்ததாக
நகராட்சிக்கு நானே எழுதினேன்.
பதில் இன்னும் வரவில்லை.

ஜூனில் வில்லோவின் ஒரு பாதி பழுத்தது.
கருகிய வேர்கள் இருந்த பக்கம்.
இரவு வேலை முடிந்து திரும்புகையில் கண்டேன்:
வேலி வழியே ரப்பர் குழாயை நுழைத்து
விளக்கில்லாமல் நின்றிருந்தார் க்சாவெரி.
துத்தம் கரைந்து இறங்கட்டும் என்று
தண்ணீர், தண்ணீர், தண்ணீர்.
மீட்டர் ஓடும் சத்தம் தெருவுக்கே கேட்டது.
லுட்வீகாவின் மாடித் திரை
ஒரு விரல் அகலம் விலகியிருந்தது.

செப்டம்பரில் மறுபடி கேமராவை இறக்கினோம்.
பதினேழாவது மீட்டர்.
வெட்டிய தழும்புக்குப் பக்கத்தில்
ஒற்றை வெள்ளை இழை,
இன்னும் பழுக்காதது,
விளக்கு பட்டுப் பளிச்சென்றது.
படிவத்தில் நீளம் கேட்டிருந்தார்கள்.
நான்கு சென்டிமீட்டர் என்று எழுதினேன்.
கையெழுத்துப் போடுவதற்குள்
அது பொய்யாகியிருக்கும்.