செயப்பாட்டு வினை

ஏழு பாகம், நாலாயிரத்துச் சொச்சம் பக்கம்.
தண்டையார்பேட்டை வாடகை வீட்டில்
அலமாரித் தட்டு ஒன்றை வளைத்தேவிட்ட கதை.
அதை மேசைமேல் ஆடும் விளையாட்டாக
மாற்றிக்கொண்டிருந்தேன்.

முதலில் எண்கள்.
உப்புக்கோட்டை இளவரசிக்கு வீரம் பதினாறு.
அவள் குதிரைக்கு வேகம் பன்னிரண்டு.
நான்காம் பாகத்தில் ஒரு துறைமுகத்தையே விழுங்கும்
நெருப்புப் பல்லிக்குப் பசி இருபது.
துக்கத்துக்கும் ஓர் எண் தரப் பார்த்தேன்.
மூன்று நாள் அடித்து அடித்து எழுதி
‘ஆடுபவர் விருப்பம்’ என்று விட்டுவிட்டேன்.

கண்டெய்னர் கம்பெனிக் காலண்டரின் பின்பக்கம் வரைபடம்.
நாவல் சொல்லாத இடங்களில்
கைக்குப் பழகிய வளைவுகள்தாம் வந்தன.
பேயாறு பக்கிங்காம் கால்வாய்போலக் கறுத்துத் திரும்பியது.
மந்திரவாதியின் கோபுரங்கள்
எண்ணூர்ப் புகைபோக்கிகளின் இடைவெளியில் நின்றன.
யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, நாலு பேர்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் தேசிங்கு, இளவரசி.
மண்ணடி பேரிங் கடையில் கணக்கெழுதும் ஃபர்ஹானா, மந்திரவாதி;
மந்திரத்துக்கு ஜிஎஸ்டி உண்டா என்று முதல் நாளே கேட்டவள்.
பி.டி. மாஸ்டர் எபினேசர், திருடன்.
பவுலின் தாமதமாக வந்தாள்,
ஆம்புலன்ஸ் யூனிஃபார்மை மாற்றாமல்.
“மிச்சம் யாரு இருக்காங்க?”

கோட்டை வாயில் காவலாள் இருந்தான்.
நாவலில் அவன் இல்லை.
மூன்றாம் பாகத்தில் அரை வரி இருக்கிறது:
அகதிகள் பாலத்தை அடையுமுன் வாயில் மூடப்பட்டது.
பதினைந்து வருஷமாக அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன்.
அடுத்த பத்தியில் இளவரசி அழுவாள்,
கூடவே நானும்.

மேசையில் அந்த வினை செல்லாது.
‘நான் மூடுறேன்’ என்று
ஒரு வாய் சொல்லியாக வேண்டும்.

“பாலத்துல எத்தினி பேரு?”
முந்நூறு என்றேன், நானாக.
“புள்ளைங்க?”
யோசிக்கவில்லை.
“படுக்க வெச்சுத் தூக்கினு வர்றவங்க?”
இருக்காங்க என்றேன்.
அதுவும் நாவலில் கிடையாது.

விதித்தாள், பக்கம் நாற்பத்தொன்று:
அரச கட்டளையை மீற
இருபது முகப் பகடையில் பதினெட்டாவது விழ வேண்டும்.
பகடையை அவள் பக்கம் தள்ளினேன்.
தொடவில்லை.

“கொருக்குப்பேட்டை கேட்டு தெரியும்ல?
பத்தொம்பது நிமிசம், கூட்ஸு.
வண்டில ஒரு பொண்ணு, ரெண்டாவது பிரசவம்.
கேட்டுக்காரரு என் மூஞ்சப் பாத்தாரு,
நான் அவரு மூஞ்சப் பாத்தேன்.
அவரு மேல தப்பில்ல.
அதுக்கு எந்த டைஸ உருட்டுறது?”

தேசிங்கு டீ கிளாஸைக் கீழே வைத்தான்.
இளவரசிக் குரலை விட்டுவிட்டு,
“அந்தப் பொண்ணு?” என்றான்.

“நான் மூடல,” என்றாள் பவுலின்.
“எழுதிக்கோ. சங்கிலி என் கைல கீது. மூடல.”

அப்படியானால் பின்னாலேயே எதிரிப் படையும் நுழையும்.
நான்காம் பாகம் நடக்காது.
பல்லி விழுங்கத் துறைமுகம் இருக்காது,
முடிசூட்டு விழா கிடையாது,
எனக்கு மனப்பாடமான அந்தக் கடைசிக் கடிதத்தை
ஏழாம் பாகத்தில் எழுத யாருக்கும் காரணம் வராது.
எழுபது பக்க விதிகளை
ஃபேன் காற்று சும்மா புரட்டிக்கொண்டிருந்தது.

“சரி, முந்நூறு பேருக்குச் சோறு?” என்றாள் ஃபர்ஹானா.
எபினேசர் அதற்குள்
அரண்மனைக் களஞ்சியத்தின் பூட்டில் கை வைத்திருந்தான்.
இளவரசி குதிரையிலிருந்து இறங்கினாள்,
படுத்து வருபவர் யாரையாவது ஏற்றட்டும் என்று.

பத்தரைக்கு எல்லோரும் போனபின்
மூன்றாம் பாகத்தை எடுத்துப் பார்த்தேன்.
வாயில் மூடப்பட்டிருந்தது.

புத்தகத்தில் கிறுக்குவது எனக்குப் பிடிக்காது.
விதித்தாளில் புதுப் பக்கம் போட்டு எழுதினேன்.
காவலாள்.
பெயர்:

அவள் சொல்லவில்லை.
நானும் கேட்டிருக்கவில்லை.