ஒன்பதாவது சொல்

செக்காலை ரோட்டில் நகைக்கடன் கவுண்டருக்குப் பின்னால்
பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்.
உரைகல்லில் இழுக்கும்போது
முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களைத் தெரியும்.
தராசுக்குக் கொடுக்குமுன் சங்கிலியை
ஒருதரம் உள்ளங்கையில் பொத்துகிறவர்களைத் தெரியும்.
என் வீட்டுக்காரர் வாங்கி வைத்திருப்பதை
எந்தத் தராசிலும் வைக்க முடியாது.
அதனால்தான் எனக்குப் பிடிபட இத்தனை நாளானது.

வாட்டர் ஃபில்டர் விற்கிறார் சேவுகன்,
கழனிவாசல் பக்கம் கடை.
வாங்கிய வருடம் அது நாலு மடங்கு ஏறியது.
பைக்குக்குக் காற்றடிக்கிற பையனுக்குக்கூட
பணம் என்றால் என்ன என்று விளக்கினார்.
பிறகு இறங்கியது.
இறங்கியது என்று எங்கள் வீட்டில் சொல்லக்கூடாது.
ஓய்வெடுக்கிறது.

கொத்தமங்கலத்தில் தம்பி வீட்டுக் குடிபுகல்.
பந்தியில் அடுத்த இலை வயிரவன்.
அப்பளத்தைப் பாயசத்தில் நொறுக்கிக்கொண்டே கேட்டான்:
"என்ன அத்தான், கண்ணுக்குத் தெரியாத அந்தக் காசு
இன்னும் உசுரோட இருக்கா?"
இலை காய, கை காய
முக்கால் மணி நேரம் பேசினார்.
அடுத்த பந்திக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள்.
சொன்னது எதுவும் எனக்குப் புரியவில்லை,
குரல் மட்டும் புரிந்தது:
பெண்டாட்டியைப் பற்றி யாரோ தப்பாகச் சொன்னால்
எழும்புகிற குரல்.
என்னைப் பற்றி வயிரவன் சொன்னபோது
அது எழும்பியதாக ஞாபகமில்லை.

கடை பில் புத்தகத்தின் பின்னட்டையில்
பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள், தமிழ் எழுத்தில்.
லேடர். ஆலிவ். விண்டர். கோட்.
அதுதான் சாவியாம்.
தொலைத்தால் உலகத்தில் எந்த மேனேஜரிடமும்
மனுக்கொடுக்க முடியாதாம்.
விபூதி பூசும்போது முணுமுணுப்பார்.
துண்டு எடுத்துக் கொடுக்கப்போய்
எனக்கும் பாடமாகிவிட்டது.

புரட்டாசியில் ஒரு ராத்திரி, இரண்டே முக்கால் மணி.
வாங்கின விலைக்கே வந்துவிட்டது என்று எழுப்பினார்.
செல்போன் வெளிச்சத்தில் அவர் முகம்
ஜுரக்காரன் முகம்.
"வித்திருவமா?"
"வித்திருங்க."
திரைக்கு மேலே கட்டைவிரல் நின்றது.
நின்றுகொண்டே இருந்தது.
ஃபேன் சத்தம்.
"வித்துட்டா," என்றார்,
"காலைல எந்திரிச்சு நான் எதைப் பாக்குறது?"

விடிந்தபோது பத்தில் ஒரு பங்கு போயிருந்தது.
பெண் பார்க்க வந்தவர்கள்
பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனதும்
உள்ளே போய், அப்பாடா என்று
சட்டையைக் கழற்றுகிற தகப்பனைப்போல் இருந்தார்.
இட்லி நாலு, கூட ஒன்று.

இதை ஆபீசில் சொல்லிச் சிரித்திருக்கலாம்.
சொல்லாததற்குக் காரணம்
தேவகோட்டையில் இருக்கிறது.
எங்கள் கிளையில் வைத்தால் தெரிந்துவிடும் என்று
அங்கே போய் வைத்த என் இரட்டைவடம்.
அதில்தான் அவர் வாங்கினார்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை
வீட்டில் சொல்லாமல் பஸ் ஏறிப்போய்
வட்டி கட்டிவிட்டு வருகிறேன்.

போன வியாழன், கவுண்டரில் புதுப் பெண்.
"நீங்களும் இதே வேலைதானே, மேடம்.
பாதியை வித்துக் கடனை முடிச்சுட்டு
மீதியைக் கழுத்துல போட்டுட்டுப் போகலாமே?"
கணக்கு சரி.
ஆயிரம் பேருக்கு நானே சொன்ன கணக்கு.
அவர்கள் என்னைப் பார்த்த பார்வை
அப்போதெல்லாம் எனக்கு விளங்கியதில்லை.
அந்தப் பார்வையை அவளுக்குக் கொடுத்துவிட்டு
வட்டிக்கு மட்டும் எண்ணி வைத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம்.
லேடர், ஆலிவ், விண்டர், கோட்
என்று சும்மா சொல்லிப் பார்த்தேன்.
ஒன்பதாவது வரவில்லை.
அமராவதிபுதூர் வரைக்கும்
கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தேன்.