சனி பிடித்தது

அல் குவாவுக்குத் தெற்கே
தார் முடிந்து நாலாவது கிலோமீட்டரில்
ஒஸ்மானின் வண்டி அச்சுவரை மணலில் இறங்கியிருந்தது.
என் டேங்கரில் ஒட்டகப் பண்ணைக்கான தண்ணீர்,
ஐயாயிரம் காலன்.
சங்கிலி மாட்டி இழுத்தேன்.
மூன்றாவது இழுப்பில் வந்தது,
கடைவாய்ப் பல் வருவதுபோல.

காசு நீட்டினான். வேண்டாம் என்றேன்.
அப்படியானால் பார்த்துவிட்டுப் போ என்றான்.
சூடானி. மதீனத் சாயித் ஆஸ்பத்திரியில்
ரத்தம் சோதிப்பவன்.
மூன்று கால் நிறுத்தி மேலே ஒரு குழாய் ஏற்றினான்,
வண்டி புதைந்ததற்கே
அந்தக் குழாயின் கனம்தான் காரணம்.

கண்ணை வைத்தேன்.
ஸுஹல் என்றான்.
வளையத்தோடு நின்றது,
யாரோ ஸ்டிக்கர் ஒட்டியதுபோல.
அது சனி என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.
புரிந்ததும் சட்டென்று நகர்ந்தேன்.
எட்டில் நிற்கிறவன்.
கோயிலில்கூட
பக்கவாட்டில் நின்றுதான் கும்பிடுவோம் அவனை.

ஒஸ்மானுக்கு இது எதுவும் தெரியாது.
மடிக்கணினியைத் திறந்தான்.
இரண்டு படம், இரண்டு மணி நேர இடைவெளி.
மாற்றி மாற்றித் தட்டினான்.
வெள்ளைப் புள்ளிகள் எல்லாம் இருந்த இடத்தில் இருக்க
ஒன்று மட்டும்,
சோற்றில் ஊர்ந்த எறும்புபோல,
இங்கே. அங்கே. இங்கே.
இன்னொரு தடவை தட்டு என்றேன்.

பாதி அரபியில், பாதி உருதுவில் சொன்னான்:
இது ஸுஹலின் நிலாக்களில் ஒன்று,
ஆனால் அங்கே பிறந்ததல்ல.
வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது, பிடித்துவிட்டது.
மற்றவை சுற்றும் பக்கம் சுற்றாது, எதிர்ப்பக்கம்.
கரி நிறம். மேலெல்லாம் குழி.
ஒரு சுற்றுக்கு ஐந்நூற்றைம்பது நாள்.
கல் வந்து மோதும்போதெல்லாம் கிளம்பும் அதன் தூசி
உள்ளே சுற்றும் வேறொரு நிலாவின்
பாதி முகத்தைக் கறுப்பாக்கியிருக்கிறது.

சிரித்துவிட்டேன். ஏன் என்றான்.
சனி பிடித்தது என்பதை
எந்த பாஷையில் அவனுக்குச் சொல்ல?
வேலை போகும், கால் முறியும்,
வாங்கிய கடன் குட்டி போடும்.
இங்கே பார்த்தால்
பிடித்தவனும் சும்மா இருக்கிறான்,
பிடிபட்டதும் சும்மா சுற்றுகிறது.

என்னைப்போல என்று ஒரு வார்த்தை
நாக்கு நுனிவரை வந்தது.
என் விசா இரண்டு வருடம், எழுநூற்று முப்பது நாள்.
கணக்கு ஒத்துவரவில்லை, விட்டுவிட்டேன்.
அதன் பாஸ்போர்ட்டை
யாரும் பெட்டியில் வைத்துப் பூட்டவும் இல்லை.

விடிகாலையில் போன் போட்டேன்.
வடிவு கல்குவாரியில் எடைமேடைக் கணக்கு எழுதுகிறவள்.
என் ராசிக்காகச் சனிக்கிழமை தவறாமல்
எள் முடிச்சு விளக்கு ஏற்றுகிறவள்.
சனி பிடித்த ஒன்றைப் பார்த்தேன் என்றேன்.
என்ன எடை இருக்கும் என்றாள் முதலில்.
தெரியாது.
பிடிச்சு எத்தனை வருசம்?
கோடிக்கணக்கில்.
வாயடைத்துப் போனாள்.
பின்னால் லாரி ஒன்று ஹாரன் அடித்தது.

அம்புட்டு நாளும்
அதுக்கு யாரு விளக்கு போடுறா?

பண்ணை வந்துவிட்டது.
தொட்டியில் குழாயை இறக்கி வால்வைத் திறந்தேன்.
ஒட்டகங்கள் எழுந்து வந்தன,
ஒன்று மட்டும் கூட்டத்துக்கு எதிராக
வேலியைச் சுற்றிக்கொண்டு,
அவசரமில்லாமல்.