காற்றுக் கோபுரத்துக்குள் இரண்டு டன்

முஹர்ரக்கின் தெற்குக் கோடியில்
எதிரே ஆள் வந்தால்
சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து.
ஏசியின் வெளிப்பெட்டியை நானும் செல்லக்கனியும்
சாய்த்துத் திருப்பிச் சாய்த்துத் தூக்கிவந்தோம்,
கட்டிலோடு நோயாளியைக் கொண்டுவருவதுபோல.

முத்து வியாபாரி ஒருவருடைய வீடாம்.
கதவு கோழிக்கோட்டுத் தேக்கு.
அதற்கு மேல் அரை வட்டமாய்க் கண்ணாடி, பச்சையும் சிவப்பும்;
மாற்றிப் போட்ட ஒரு சில்லில் மட்டும்
நீலம் கொஞ்சம் கூடுதல்.
சுவர் கடல் கல். உற்றுப் பார்த்தால்
சிப்பியின் விளிம்பு, நகம் அளவுக்கு.
முற்றத்தைச் சுற்றி ஏழு அறைகள்.
குழாய் எவ்வளவு வேண்டும் என்று டேப்பை இழுத்தேன்.
மூன்று மீட்டர் சொச்சம்.
அடுத்ததும் மூன்று மீட்டர் சொச்சம்.
ஏழாவது அறையை அளக்காமலே எழுதிக்கொண்டேன்.

"எல்லாம் ஒரே அகலமா இருக்கே?"
நூஃப் வரைபடம் போடுபவள்.
பென்சிலால் கூரையைக் காட்டினாள்.
ஆப்பிரிக்கக் கரையிலிருந்து
பாய்க்கப்பலில் வந்த கழிகள்.
கழி எட்டும் தூரம்தான் அறை.
எத்தனை முத்து வைத்திருந்தாலும்
அதற்கு மேல் ஒரு சாண் அகலம் கிடையாது.

"சந்தல்" என்றாள் மரத்தின் பெயரை.
என் காதில் கண்டல் என்று விழுந்தது.
இரண்டும் ஒன்றுதான், பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.
உப்புச் சேற்றில் இடுப்பளவு நிற்கிற மரம்
இங்கே நூறு வருஷமாய்
ஈரம் படாமல் மல்லாந்து கிடக்கிறது.

நாங்கள் இருப்பது மூன்று சந்து தள்ளி.
அதுவும் பழைய வீடுதான்,
யாரும் நின்று படம் பிடிக்காத வீடு.
ஒட்டுப்பலகை அடித்துப் பிரித்து, ஒன்பது பேர்.
அன்றிரவு டேப்பைப் போட்டுப் பார்த்தேன்,
மொஃபிசுல் கட்டிலின் தலைமாட்டுச் சுவரிலிருந்து
என் சட்டை தொங்கும் சுவர் வரை.
அதே மீட்டர். அதே சொச்சம்.
பொய்க்கூரையில் ஒரு அட்டையைத் தூக்கி டார்ச் அடித்தால்
அதே கழிகள்,
கறுப்பும் சிவப்புமாய் மாறி மாறி முக்கோணம் தீட்டியவை.
"எலியா?" என்றான் மொஃபிசுல், கண்ணைத் திறக்காமல்.
"முத்து வியாபாரி" என்றேன்.

வேலை இதுதான்:
வெளிப்பெட்டி தெருவிலிருந்து கண்ணில் படக்கூடாது.
ஆகவே காற்றுக் கோபுரத்தின் உச்சிக்குள் ஏற்றி,
கீழே அறைக்கு வரும் வாயைப் பலகையால் அடைத்துவிட வேண்டும்.
காற்றை உள்ளே இறக்கக் கட்டிய கோபுரம்
இனிமேல் சூட்டை வெளியே ஊதும்.
நூஃப் இதைச் சொல்லும்போது
என்னைப் பார்க்காமல் வரைபடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

அடைப்பதற்கு முதல் நாள்
மின்சாரம் போனது. ஜூன், பகல் இரண்டு மணி.
கோபுரத்தின் வாய்க்கு நேர் கீழே போய் நின்றேன்.
முதலில் தூசு.
அப்புறம் ஒரு புறா இறகு, அவசரமில்லாமல்.
அப்புறம் எங்கோ மீன் பொரிக்கிற வாசனை.
அதற்குப் பின்னால் காற்று.
குளிர்ந்த காற்று என்று சொல்லமாட்டேன்,
பதினாலு வருஷம் ஏசி பழுது பார்ப்பவன் பொய் சொல்லக்கூடாது.
ஆனால் முதுகுச் சட்டை
உடம்பை விட்டு எழுந்தது.
நூஃப் வந்து பக்கத்தில் நின்றாள்.
செல்லக்கனி வந்தான்.
வாசல் காவலுக்கு இருந்த அபூ ராஷித்தும்
செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார், ஏனோ.
நாலு பேரும் ஒரு மேஜை அகலத்துக்குள்
பேசாமல் நின்றோம்.
"வேலை செய்யுது" என்றேன் கடைசியில்.
மெஷினைப் பார்த்துச் சொல்லிப் பழகிய வாய்.

மறுநாள் பலகை அடித்தேன்.
விளிம்பெல்லாம் சிலிக்கான் பூசச் சொல்லி எழுதியிருந்தது.
நாலு திருகோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆகஸ்டில் புகார்:
மேல்கூடம் சரியாகக் குளிரவில்லை,
எங்கோ கசிகிறது, கண்டுபிடிக்கவும்.
ஏணியோடு என்னையே அனுப்பினார்கள்.
அரை மணி நேரம் மேலே இருந்தேன்,
கன்னத்தைப் பலகை ஓரத்தில் வைத்து.
பிறகு இறங்கி, சீட்டில் எழுதினேன்:
கேஸ் சரியாக உள்ளது. வடிகட்டி கழுவப்பட்டது.