தூசி இல்லாத படம்

செட்டிச்சாவடி வெள்ளைக்கல் குழி.
உச்சி வெயிலில் பாவாயி நிமிர்ந்த நொடி.
ஒரே நெகட்டிவ், இரண்டு பிரதிகள்.

ஐந்து ரோடு கடையில் இர்ஃபான்
ஸ்கேன் செய்து அச்சிட்டது ஒன்று.
வெள்ளைக்குள் இத்தனை வெள்ளையா!
இமை முடியில் ஒட்டிய பொடியைக்கூட
எண்ணிவிடலாம்.

என்னுடையது குளியலறையில் பிறந்தது.
கவிழ்த்த வாளிமேல் தட்டு,
சிவப்பு பல்பு, வினிகர் நெடி.
முகத்துக்கு மட்டும் பன்னிரண்டு நொடி
விரலிடுக்கால் கூடுதல் ஒளி.
மூன்று தாள் பாழ்.
நான்காவதில்
அவள் நிழல் கிணறாக இறங்கியது.
வானம் வெறும் தாளாகவே நின்றுவிட்டது.

கன்னத்தருகே ஒரு வெண்புள்ளி.
நெகட்டிவில் ஒட்டிய தூசி,
அதே குழியிலிருந்து
கேமராப் பையில் டிக்கெட் எடுக்காமல் வந்தது.
இர்ஃபான் அதை ஒரே சொடுக்கில் துடைத்திருந்தான்.

தீர்ப்பை மனசுக்குள் எழுதி முடித்துவிட்டுத்தான்
இரண்டையும் நீட்டினேன்.
பாவாயி முந்தானையில் கை துடைத்தாள்,
திரும்பவும் துடைத்தாள்.
"இதுல தூசி இல்ல.
இதையே குடு கண்ணு."

மற்றது என் மேசையில்.
மெல்லிய தூரிகை, ஒரு சொட்டுச் சாம்பல் மை,
புள்ளி மறைந்துவிடும்.
தூரிகையை நனைத்தேன்.
காய்ந்துவிட்டது.