எண் முப்பத்தொன்று

பட்டியலில் நாற்பத்திரண்டு இடங்கள்.
எங்களிடம் பதினொரு பேர், ஒரே முக்காலி,
ஒரு ஞாயிற்றுக்கிழமை.

தாண்டிக்குடி பேருந்து நிறுத்தத்தில்
டீ ஆறுவதற்குள் பேரும் எண்ணும் வாசித்தேன்.
மினிபஸ் கண்டக்டர் லூர்துசாமிக்கு ஐந்து முதல் எட்டு.
லீவு கிடைக்கவில்லையாம்;
வண்டி நிற்கும் இடத்தில் இறங்கி ஓடி
எடுத்துக்கொண்டு வந்துவிடுவாராம்.
பல் மருத்துவம் படிக்கும் ரஹ்மத்நிஷா
வாய்க்குள் படமெடுக்கிற வளைய விளக்கோடு வந்திருந்தாள்.
"கல்திட்டைக்குள்ள இருட்டா இருக்கும்ல, அக்கா."

விதிகளைச் சொன்னேன்.
ஒரு சின்னத்துக்கு நான்கு பக்கம், நான்கு படம்.
அளவு தெரிய ஒரு தீப்பெட்டி.
ஆளை நிறுத்தாதீர்கள். புல்லைப் பிடுங்காதீர்கள்.
எழுத்துத் தெரியவில்லை என்று சுண்ணாம்பு தடவவே தடவாதீர்கள்.
உங்கள் படம் உங்கள் பெயரோடு இணையத்துக்குப் போகும்,
யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார்கள்,
காசு வராது.
காசு வராது என்பதை இன்னொரு முறையும் சொன்னேன்.
பத்துப் பேர் ஆனோம்.

பதினோரு மணிவரை மலை முகம் கொடுக்கவில்லை.
எண் பன்னிரண்டு: வெள்ளை.
எண் பதிமூன்று: வெள்ளை, கொஞ்சம் சில்வர் ஓக்.
எண் ஆறு: வெள்ளை,
ஓரத்தில் லூர்துசாமியின் கட்டைவிரல்,
விரல் இடுக்கில் பத்து ரூபாய் டிக்கெட்.

பிறகு வெயில் வந்தது.
காப்பிச் செடிகளுக்கு நடுவே
ஒவ்வொன்றாய்க் கற்கள் வரத் தொடங்கின என் கைப்பேசிக்குள்.
ஒன்றுக்குள் சொட்டுநீர்க் குழாய்ச் சுருள்.
ஒன்றின் மேல் காயும் மிளகு.
ஒன்றுக்குள் ஒரு நாய், ஐந்து குட்டிகள்.
(ஆளை நிறுத்தாதே என்றேன், நாயைச் சொல்லவில்லை.)

இரண்டரைக்குக் கனகவேல் கூப்பிட்டான்.
மின்வாரியத்தில் கம்பி ஏறுகிறவன்,
கம்பத்து உச்சியிலிருந்து பேசினால்தான் அவனுக்குச் சிக்னல்.
"அக்கா, முப்பத்தொண்ணு இல்ல."
நல்லாப் பார் என்றேன்.
"மூணு தடவ பாத்துட்டேன். ஓடை இருக்கு.
ஓடைக்குக் குறுக்க சின்னப் பாலம் இருக்கு.
பாலத்துக்குப் போட்ட பலகைக்கல்லு மட்டும்…"
காற்று இரைந்தது.
"குழி குழியா இருக்குக்கா. வரிசையா. ஏழு குழி."

போய்ச் சேர நாற்பது நிமிடம்.
ஈரச் செருப்போடு அந்தக் கல்லின் மேல் நின்றேன்;
நின்ற பிறகுதான் இறங்க வேண்டும் என்று தோன்றியது.
காப்பி மூட்டையோடு வந்த செவத்தியம்மாள்
என்னைச் சுற்றிப் போனார், திரும்பி வந்தார்.
"படத்தப் போட்டா கல்லைப் பேத்துருவாங்களா?"

தெரியாது என்றேன்.

"இதப் போட்ட வருசம்தான் மேல வரைக்கும் ஜீப்பு வந்துச்சு.
இல்லன்னா என் மருமகள
டோலி கட்டித்தான் எறக்கியிருக்கணும்.
பேரன் இப்ப ரெண்டாப்பு."
மூட்டையை இறக்காமலேயே சொன்னார்.

யார் பேர்த்துக்கொண்டு வந்தது என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருக்க வேண்டும்.
கனகவேல் விதிப்படி நான்கு பக்கமும் எடுத்தான்.
நான்காவதற்கு
ரஹ்மத்நிஷாவின் விளக்கை வாங்கிக்கொண்டு
ஓடைக்குள் மல்லாந்து படுத்தான்.
யாரோ ஒருவரின் கல்லறைக்குக் கூரையாய் இருந்தது
அவன் மூக்குக்கு மேலே அரைமுழத்தில்.
நெஞ்சின் மேல், அளவுக்கு, தீப்பெட்டி.
நனைந்த தீப்பெட்டி.

இரவு, சிக்னல் கிடைக்கிற வளைவில்
மைல்கல்லில் உட்கார்ந்து ஏற்றுகிறேன்.
நாற்பத்தொன்று போய்விட்டது, நாயும் குட்டிகளும் உட்பட.
முப்பத்தொன்றில் நிற்கிறது.
நிலை என்ற கட்டத்தில் மூன்றே தேர்வுகள்:
நன்று. சிதைவு. இல்லை.
காலியாக விட்டால் சிவப்பில் எழுதுகிறது:
கட்டாயம் நிரப்பவும்.
"சுமந்துகொண்டிருக்கிறது" என்று தட்டிப் பார்த்தேன்,
ஏற்கவில்லை.

ஒன்பது சதவீதம் சார்ஜ்.
கீழே லூர்துசாமி
கடைசி வண்டியை எனக்காக நிறுத்திவைத்து
விசிலடிக்கிறார்.