கேன்

முதல் ஒன்றுக்கைக் கீழே விட்டுவிட வேண்டும்.
அதற்கப்புறம் போவதெல்லாம் கேனில்.
மறுநாள் காலை ஆறரைக்குப் போவதும் சேர்த்தி.
நர்ஸம்மா சொன்னதை
மின்கணக்கு அட்டை ஒன்றின் பின்புறம்
எழுதிக்கொண்டேன்.

திருப்பாதிரிப்புலியூரில் ஏறி
இடப்பக்க சீட்டாகப் பார்த்து உட்கார்ந்தோம்.
காலை வண்டியில் வெயில் கடல் பக்கம்.
வெயில் ஆகாது அவளுக்கு.
ஜவுளிக்கடைப் பைக்குள் கேன்,
தர்ஷிகாவின் இரு கால்களுக்கு நடுவே.
'என்ன பாப்பா, நல்லெண்ணெயா?'
கண்டக்டர் கேட்டார்.
'நேத்து' என்றாள்.
அவர் சில்லறை எண்ணப் போய்விட்டார்.

மே மாதம்
மூக்கின் இரு பக்கமும் சிவந்தபோது
கபடிப் பயிற்சி வெயில் என்று
கற்றாழை தடவினோம்.
ஜூலையில் கொலுசைக் கழற்ற முடியவில்லை.
கணுக்காலில் அழுத்திய விரலை எடுத்த பிறகும்
குழி அங்கேயே இருந்தது.

நான் மின்வாரியத்தில் கணக்கெடுப்பவன்.
கசிவு எனக்குப் புதிதில்லை.
எல்லா சுவிட்சும் அணைத்த வீட்டில்
மீட்டர் சக்கரம் மட்டும் மெல்லச் சுற்றும்.
'எங்கேயோ எர்த் ஆகுதுங்க, பாருங்க'
சொல்லிவிட்டு
அடுத்த வீட்டுப் படி ஏறிவிடுவேன்.

இந்த வீட்டில் எங்கே ஏறிப்போக.

முதுகில் ஊசி இறக்கி
சிறுநீரகத்திலிருந்து நூலளவு எடுத்தார்கள்.
முடிவைப் படித்த டாக்டர்
பக்கத்தில் நின்ற மாணவர்களிடம்
'கிளாஸ் ஃபோர்' என்றார்.
'செவன்த் சார். செவன்த் பி.'
மாணவர்களில் ஒருத்தி சன்னலைப் பார்த்தாள்.
டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார்,
'சரிம்மா, செவன்த் பி' என்று
உப்பு, ஊறுகாய், அப்பளம், கருவாடு
ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார்.

மாத்திரையில் முகம் உப்பிவிட்டது.
வகுப்பில் 'பன்னு' என்கிறார்களாம்.
எந்தப் பன்னு என்று கேட்டாளாம், ஜாம் பன்னா, வெண்ணெய் பன்னா.
அன்றிரவு கண்ணாடி பீரோவுக்குத் துண்டு போர்த்தியிருந்தது.
நானும் எடுக்கவில்லை.

காலையில் கழிவறையில் நுரையை எண்ணுகிறாள்.
அடங்குவதற்குள் நூறு வந்தால் மோசம்,
அறுபது பரவாயில்லை
என்பது அவளே போட்ட கணக்கு.
டாக்டரிடம் சொல்லவில்லை.

ஜிப்மர் லேப் ஜன்னலில்
கேனை வாங்கி அளந்தவர்
'ஆயிரத்து இருநூறு' என்றார்.
'ஆயிரத்து நூற்றி எண்பது,
கோட்டுக்குக் கீழே நிக்குது.'
என் மகள்தான்.
அவர் குனிந்து பார்த்துத் திருத்தினார்.

அட்டையின் பின்புறம்
முந்தைய ரீடிங்: 3.8 கிராம்.
இன்றைய ரீடிங்குக்குக் கட்டம் மட்டும்
போட்டு வைத்திருக்கிறாள்.

திரும்பும்போது வெயில் மாறிவிட்டது,
கடல் பக்கம் உட்காரலாம்.
ரெட்டிச்சாவடி தாண்டியும்
கால்களைச் சேர்க்காமலே வந்தாள்,
நடுவில் இன்னும்
எதுவோ சிந்திவிடும் என்பது போல.